தர்மபுரிக்காரர் கடல் மீன் வளர்ப்பு படிக்கப் போகலாமா?

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓசூரில் கம்பெனி வேலை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம், அதில் ஒரு பண்ணைக்குட்டை. ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் கடல் மீன் வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். போகலாமா, கற்றுக்கொண்டு வந்து நம் ஊரிலேயே கடல் மீன் வளர்க்க முடியுமா, கூண்டில் மீன் வளர்ப்பதால் கடல் கெட்டுப்போகும் என்கிறார்களே அது உண்மையா? இவை மூன்றும்தான் அவருடைய கேள்விகள்.

போங்கள் தம்பி, கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் கடலை ஊருக்குக் கொண்டுவரும் எண்ணத்தோடு போகாதீர்கள். நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டணத்துக்காரன். விலங்கியல் படித்துவிட்டு, கடற்கரையோரத் தனியார் பொரிப்பகங்களில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இப்போது ஊரோடு வந்து சின்ன அளவில் நன்னீர் மீன் வளர்க்கிறேன். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் கை நனைத்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நடுக் கேள்வியை முடித்துவிடுவோம், ஏனென்றால் பணம் போவது அங்கேதான். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் மாவட்டத்தில் ‘உப்புத் தண்ணி’ என்று ஒதுக்கும் போர்வெல்லில்கூட இரண்டு மூன்று கிராம் இருந்தாலே அதிகம். உங்கள் குட்டை பத்து லட்சம் லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடல் தண்ணீர் ஆக்க 35 டன் உப்பு கொட்ட வேண்டும். கொட்டினாலும் அது கடல் தண்ணீர் ஆகிவிடாது. கடலில் சமையல் உப்பு மட்டுமா இருக்கிறது? மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் ஒரு கணக்கில் கலந்திருக்கின்றன. அந்தக் கணக்கு தப்பினால் மீனின் உடம்பு உப்பையும் தண்ணீரையும் சமன் செய்ய முடியாமல் தவிக்கும். அது மட்டுமில்லை, குட்டையில் விரித்த தார்ப்பாய் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், உங்கள் நிலமும் பக்கத்துக் கிணறும் போய்விடும். ஏற்கெனவே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறது என்றுதான் ஒகேனக்கல்லில் இருந்து குழாய் போட்டுக் குடிதண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மண்ணில் நாமே உப்பை இறக்கக் கூடாது. தாய்லாந்தில் நெல் வயல் பகுதிகளுக்கு லாரியில் உவர்நீர் கொண்டுபோய் இறால் வளர்த்தார்கள். வயல்கள் உப்பாகின்றன என்று 1998-இல் அந்த நாட்டு அரசே அதற்குத் தடை போட்டது. பணம் கொழித்த தொழிலையே அப்படி நிறுத்தினார்கள் என்றால் நிலம் எவ்வளவு பாழாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, ஒரு கடல் மீன்கூட இங்கே வளராதா? சில வளரும். அதில் முக்கியமானது கொடுவா. கொடுவாவின் வாழ்க்கையே அலாதியானது. முட்டையிடுவதும் குஞ்சு பொரிப்பதும் கடலோர உப்புத் தண்ணீரில். அப்புறம் குஞ்சுகள் கழிமுகம் வழியாக மேலேறி ஆறு, ஏரி என்று நல்ல தண்ணீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பும். நம் காவிரியில் விலாங்கு பிடித்த பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விலாங்கும் இதே மாதிரி கடலில் பிறந்து ஆற்றில் வளரும் சாதிதான். மேட்டூர் அணை 1934-இல் எழும்பும் வரை காவிரி வழியாக நம் பக்கத்துக்கும் கடலுக்கும் மீன்களின் போக்குவரத்து இருந்தது. ஆக, கொடுவாவை நல்ல தண்ணீரில் வளர்ப்பது அதன் இயல்புக்கு விரோதமானது கிடையாது. முறையாகச் செய்தால் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு கிலோ வரும்.

ஆனால் குஞ்சு கடற்கரையில் இருந்துதான் வர வேண்டும். அந்தக் குஞ்சைப் பொரிப்பகத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்து, பல நாள் எடுத்து, நல்ல தண்ணீருக்குப் பழக்கித் தர வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் எங்கிருந்தோ ஒரு வியாபாரியிடம் கொடுவாக் குஞ்சு வாங்கி வந்தார். பை வந்து இறங்கிய மாலை என்னைக் கூப்பிட்டார். பைத் தண்ணீரை நாக்கில் வைத்தேன், கரித்தது. ‘இப்போது விடாதீர்கள், இரண்டு நாள் தொட்டியில் வைத்துப் பழக்குவோம்’ என்று சொல்வதற்குள் பாதிப் பைகளைக் குட்டையில் கவிழ்த்திருந்தார்கள். விடிந்தபோது கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. மிச்சப் பைகளைத் தொட்டியில் போட்டு, மெல்ல மெல்லக் கிணற்றுத் தண்ணீர் சேர்த்துப் பிழைக்க வைத்தோம். அந்த மனிதர் கடன் வாங்கிச் செய்தவர். அவர் கரையில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பயிற்சி என்று நான் விடாப்பிடியாகப் பேசுவது இந்த மாதிரி விடியல்களைப் பார்த்ததால்தான்.

இன்னொன்று குளிர். கொடுவாவுக்கு 26 முதல் 32 டிகிரி வரை உள்ள தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் 20 டிகிரியை நெருங்கினால் தீனி எடுக்காது. அரூர், ஊத்தங்கரை வெக்கை அதற்குப் பரவாயில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலத்தில் மார்கழி, தை மாதம் மீன் அடியில் போய்ச் சும்மா கிடக்கும், எடை ஏறாது. பாலக்கோடு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. முதலில் ஒரு வருடம் உங்கள் குட்டைத் தண்ணீரின் சூட்டைக் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். ஒரு தெர்மாமீட்டர் போதும்.

கொடுவா விழுங்கித் தின்னும் மீன் என்பதையும் மறக்க வேண்டாம். அதை வேலி இல்லாத ஏரியிலோ கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலோ விடக் கூடாது. அங்கே கட்லா, ரோகு என்று நம்பிப் பிழைக்கும் கூட்டுறவுச் சங்கத்து மீனவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் நெடுநாள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. அது 1971-இல் கொச்சிக்குப் போனது, மண்டபம் மண்டல மையமாகத் தொடர்கிறது. கடலில் மிதவைக் கூண்டு போட்டு மீன் வளர்ப்பதை இந்த நிலையம் 2007-இல் விசாகப்பட்டினத்தில் கொடுவாவை வைத்துத் தொடங்கியது. தொடங்கியவுடன் தடுக்கிய இடம் குஞ்சு. கடலில் இருந்து பிடித்துக் கூண்டில் போட்டால் அது வளர்ப்பே இல்லை, கடலில் வளர வேண்டியதை நாம் முன்கூட்டியே எடுத்து அடைத்து வைக்கிறோம், அவ்வளவுதான். தாய்மீனை நாமே வைத்து, முட்டையிட வைத்து, பொரித்துக் குஞ்சு எடுத்தால்தான் கடலுக்குப் பாரம் குறையும். மண்டபத்துக்காரர்கள் 2010 மார்ச்சில் கோபியா எனும் கடல் விராலையும், 2011 ஜூலையில் பாரை வகையைச் சேர்ந்த சில்வர் பொம்பானோவையும் இப்படி முட்டையிட வைத்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. கொடுவாவை அதற்கு முன்பே, 1997-இல், சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் செய்து காட்டியிருந்தது. அவர்களுடைய ஆய்வுக் கூடம் முட்டுக்காட்டில் இருக்கிறது.

பேப்பரில் இரண்டு வரிச் செய்தியாக இது வந்து போய்விடும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீன் சாப்பிடும்போது ஒரு மரியாதை வரும். கொடுவாவில் முதலில் ஏறக்குறைய எல்லாம் ஆண்தான், பெரிதாக வளர்ந்த பிறகு அவையே பெண்ணாக மாறும். எனவே பெண் தாய்மீன் வேண்டும் என்றால் வருடக்கணக்கில் காத்திருந்து வளர்க்க வேண்டும். முட்டை பழுத்த பெண்ணுக்கும் ஆணுக்கும் ஹார்மோன் ஊசி போட்டால் 30 முதல் 36 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் இரவில், முட்டையிடும். அடுத்த 17, 18 மணி நேரத்தில் பொரியும். பொரிந்தது கண்ணுக்குச் சரியாகப் படாது, ஒன்றரை மில்லிமீட்டர்தான். மூன்றாம் நாள் வாய் திறக்கும். அந்த வாய்க்குள் நுழையும் அளவுக்கு உயிருள்ள தீனி அன்றைக்கே தயாராக இருக்க வேண்டும். அது ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். ரோட்டிஃபருக்குத் தீனி பச்சைப் பாசி நீர். ஆக, மீன் முட்டையிடுவதற்கு வாரக்கணக்கில் முன்பே பாசியைப் பயிர் செய்து, அதில் ரோட்டிஃபரைப் பெருக்கி வைத்திருக்க வேண்டும். ஒரு தொட்டியில் பாசி சரிந்தால் மறுநாள் ரோட்டிஃபர் சரியும், அதற்கடுத்த நாள் லட்சக்கணக்கில் குஞ்சு சரியும். ராகி நாற்று விட்டுவிட்டு மழை தப்பினால் நம் அப்பாக்கள் வானத்தைப் பார்த்தார்களே, பொரிப்பகத்தில் பாசித் தொட்டியின் நிறத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒன்பது, பத்து நாள் ஆனபின் ஆர்ட்டீமியா என்ற பொடி உயிரினத்தைக் கொடுக்கத் தொடங்கி, அப்புறம் மெல்ல மாவுத் தீவனத்துக்குப் பழக்குவோம்.

அதற்குப் பிறகு வருவது தரம் பிரிப்பது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு தொட்டிக் குஞ்சுகளைச் சலித்துப் பெரியது சிறியது பிரிக்க வேண்டிய நாளை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். வேலை அதிகம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை வலை போட்டபோது எண்ணிக்கை பாதிதான் இருந்தது. செத்த மீன் ஒன்றுகூட மிதக்கவில்லை. ஒரு குஞ்சின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. கொடுவா தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள தன் கூடப்பிறந்ததையே விழுங்கும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நஷ்டத்துக்கு முழுக்க நான்தான் காரணம். அதற்குப் பின் என் கீழே வேலை பழகிய எந்தப் பையனையும் பெண்ணையும் தரம் பிரிக்கும் நாளில் வேறு வேலைக்கு நான் அனுப்பியதில்லை. உங்கள் பண்ணைக்குட்டையில் கொடுவா விட்டாலும் முதல் இரண்டு மாதம் இந்த வேலை உண்டு. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கூண்டு வேலை வேறு மாதிரி. ஆறு மீட்டர் விட்டத்தில் வட்டமாகக் கெட்டி பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம், அதிலிருந்து நாலைந்து மீட்டர் ஆழத்துக்குத் தொங்கும் உள்வலை, அதைச் சுற்றி வெளிவலை, மேலே பறவை வலை, அடியில் வலையை விரித்துப் பிடிக்கும் கனமான வளையம், எல்லாவற்றையும் கட்டிப் போட நங்கூரமும் சங்கிலியும். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். தண்ணீரில் போட்ட சில வாரத்திலேயே வலைக் கண்களைப் பாசியும் சிப்பியும் அடைக்கத் தொடங்கும். கண் அடைந்தால் நீரோட்டம் உள்ளே வராது, ஆக்சிஜன் குறையும், மீன் மூச்சுத் திணறும். எனவே வலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈர வலையின் கனம் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். கடல் விராலின் தோலில் ஒட்டுண்ணி ஏறினால், சில நிமிடம் நல்ல தண்ணீரில் முக்கி எடுப்போம். உப்புத் தண்ணீர் ஒட்டுண்ணி நல்ல தண்ணீர் பட்டதும் உடம்பு வெடித்து உதிர்ந்துவிடும். ஒரு வாளி நல்ல தண்ணீரே மருந்தாகிறது. எனக்கு எப்போதும் பிடித்த வைத்தியம் அது.

மண்டபத்தில் வடகடல், தென்கடல் என்று சொல்வார்கள். வடகடல் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடாப் பக்கம். வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காலத்தில் தென்கடல். கூண்டு எங்கே, எந்த மாதம், எவ்வளவு நாள் என்பதை இந்தக் காற்றுகள்தான் முடிவு செய்யும். இதைச் சொல்லித் தரக்கூடியவர்கள் அங்குள்ள மீனவர்கள். விஞ்ஞானிகளே கூண்டுக்கு இடம் பார்க்க அவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள்.

கடல் கெடுமா என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கெடும், கவனமில்லாமல் செய்தால் நிச்சயம் கெடும். கடல் விரால், கொடுவா எல்லாம் ஊன் தின்னும் மீன்கள். தீனிக்கு எளிதாகக் கிடைப்பது சங்காயம். இழுவை வலையில் பெரிய மீனோடு சேர்ந்து ஏறும் பொடி மீனைத்தான் அந்தக் கரையில் சங்காயம் என்பார்கள். ஒரு கிலோ வளர்ப்பு மீனுக்கு ஐந்து ஆறு கிலோ சங்காயம் போகும். ஒரு கூண்டில் 750 கடல் விரால் விட்டு, ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்கு வந்தது என்று கணக்குப் போடுங்கள். 2,250 கிலோ மீன். அதற்கு ஆறு மடங்கு என்றால் பதின்மூன்றரை டன் பொடி மீன். அந்தப் பொடியில் நிறைய, நாளைக்கு வளர்ந்து வலையில் வர வேண்டிய நல்ல மீனின் குஞ்சுகள். ஏழை வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய காரலும் மத்தியும் அதில் அடக்கம். நூறு ரூபாயைக் கொடுத்து இருபது ரூபாய் வாங்குவதை வளர்ப்பு என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை.

அதனால்தான் தீவன ஆராய்ச்சியை நான் குஞ்சு ஆராய்ச்சிக்கும் மேலே வைக்கிறேன். நல்ல குருணைத் தீவனம் என்றால் ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும். ஆனால் கொடுவாவுக்குத் தீவனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும், அந்தப் புரதத்தில் ஒரு பங்கு இன்னும் மீன் தூளில் இருந்துதான் வருகிறது. சோயா, புழுத் தூள் என்று மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முழுதாகத் தீர்ந்த விஷயம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். என்னைக் கேட்டால், பாசியும் தாவரத் தீனியும் தின்று வளரும் பால்கெண்டை, மடவை மாதிரி மீன்களுக்குத்தான் இன்னும் அதிக உழைப்புப் போக வேண்டும். பால்கெண்டையை முட்டுக்காட்டில் 2015-இல் முட்டையிட வைத்தார்கள். விலை குறைந்த மீன் என்று முதலீட்டாளர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்து பேர் சாப்பிடும் மீன் அதுதான்.

அடுத்தது கழிவு. கூண்டுக்குக் கீழே சிந்திய தீனியும் எச்சமும் படியும். அடியில் போதிய ஆழமும் நீரோட்டமும் இருந்தால் கடல் அதைக் கரைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கிக் கூண்டு போட்டால் அடி மண் அழுகும், அந்த அழுகலே திரும்பி வந்து மீனைக் கொல்லும். இதற்கு மண்டபத்தார் பாக் நீரிணையில் ஒரு வழி செய்து காட்டினார்கள். ஒரு கடல் விரால் கூண்டைச் சுற்றி 16 மூங்கில் தெப்பங்களில் கடற்பாசி கட்டினார்கள். மீனின் கழிவில் கரைந்திருக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பாசி எடுத்துக்கொள்கிறது. கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த தெப்பங்களில், தனியாக விட்ட தெப்பங்களைவிட நன்றாகவே விளைச்சல் கூடியது. நம் ஊரில் மாட்டுத் தொழுவத்துத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுவோமே, அதே யோசனை. பாசி கட்டுவது அங்கே பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் தொழில் என்பதால் வருமானம் இன்னொரு வீட்டுக்கும் போகிறது. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அங்கே ‘பெப்சி பாசி’ என்று அழைக்கும் கப்பாபைகஸ் வெளிநாட்டு வகை. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் அது பவளப்பாறை மேல் படர்ந்து மூடியிருக்கிறது. அந்தத் தீவையும் சேர்த்து 21 தீவுகள் அடங்கிய தேசியப் பூங்காப் பகுதி அது. எந்தப் பாசியை எங்கே கட்டுவது என்பதில் அவசரம் கூடாது.

இறால் பண்ணைக் காலத்தை நேரில் பார்த்தவன் நான். தொண்ணூறுகளில் கடற்கரை முழுக்கக் குட்டை வெட்டினார்கள். வயலும் குடிநீரும் உப்பாகி, ஊர்கள் திரண்டு போராடி, கடைசியில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. 2005-இல் கடலோர மீன்வளர்ப்புக்கென்று தனி ஆணையச் சட்டம் வந்தது அதன் தொடர்ச்சியில்தான். 2023-இல் திருத்தியபோது கடல் கூண்டையும் பாசி வளர்ப்பையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். சட்டம் இருக்கிறது, நல்லது. ஆனால் கூண்டு போடும் இடம் பட்டா நிலம் கிடையாது. அது நாட்டுப்படகுக்காரர் தலைமுறை தலைமுறையாக வலை விரிக்கும் நீர். உள்நாட்டில் இருந்து பணத்தோடு போய் அங்கே கூண்டு இறக்கலாம் என்று நம் பக்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அங்குள்ள மீனவர் குழுவுக்குப் பங்காளியாக, அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் கை முன்னே நிற்க, நீங்கள் குஞ்சு, தீவனம், கணக்கு, விற்பனை என்று பின்னால் நின்றால் சரி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் கூண்டு மீன் அறுவடைக்கு வந்தால் நல்ல விலை கிடைக்கும், மீனவர் வீட்டிலும் அடுப்பு எரியும். கூண்டு வளர்ப்பால் மீனவருக்கு நேரடியாகக் கிடைக்கும் நன்மை என்று நான் கண்ணால் பார்த்தது இது.

பயிற்சிக்கு மண்டபத்தை மட்டும் பார்க்க வேண்டாம். சென்னை உவர்நீர் நிலையம் கொடுவாப் பயிற்சி நடத்துகிறது. சீர்காழியில் கடல் உணவு ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையம் இருக்கிறது, அவர்களிடம் கொடுவாப் பொரிப்பகமும் உண்டு. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. மூன்று நாள், ஐந்து நாள் பயிற்சியில் சான்றிதழ் கிடைக்கும், விஞ்ஞானிகளின் அறிமுகம் கிடைக்கும், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும். அவ்வளவுக்கு அது நல்லது. மீன் வளர்க்க அது போதாது. வகுப்பறையில் காட்டும் குஞ்சு எப்போதும் ஆரோக்கியமாகத்தான் இருக்கும். நோய் வந்த குஞ்சு எப்படி நீந்தும் என்று நீங்கள் பார்க்க வேண்டும். கொடுவாக் குஞ்சை நரம்பு அழுகல் வைரஸ் தாக்கினால், அது ஒரு பக்கமாகச் சாய்ந்து பம்பரம் மாதிரி சுற்றும், நிறம் கறுக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பார்க்காதவர் அந்தக் குஞ்சைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

என்னுடைய ஆலோசனை இது. பயிற்சி முடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள். யாராவது ஒரு பண்ணையிலோ பொரிப்பகத்திலோ ஒரு அறுவடை முழுக்கத் தங்கி வேலை பாருங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கம்பெனியில் நீண்ட விடுப்புக் கிடைக்காது என்பது தெரியும். அப்படியென்றால் குஞ்சு விடும் வாரம், தரம் பிரிக்கும் வாரம், அறுவடை வாரம் என்று மூன்று தடவை போய் வாருங்கள். ஓசூர் வேலையை விட்டுவிட்டுக் குதிக்க வேண்டாம். இரவில் மோட்டார் நின்றால் யார் எழுந்து பார்ப்பது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டில் பதில் கிடைக்கும் வரை வேலை உங்களுக்குத் தேவை.

மானியம் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு கடல் கூண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று மதிப்பு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வைத்தார்கள். நன்னீர்க் குட்டைகளுக்கும் அதே விகிதம்தான். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘குஞ்சு, தீவனம், தொட்டி எல்லாம் நாங்களே தருகிறோம், மீனையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று வீட்டு வாசலுக்கு வருபவரிடம் இன்னும் ஜாக்கிரதை. அவர் கடைசியாக யாரிடம் மீன் எடுத்தார் என்று கேட்டு, அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் குட்டை. முதல் வருடம் கொடுவா வேண்டாம் தம்பி. கட்லா, ரோகு விடுங்கள், அல்லது உரிய அனுமதியோடு, வேகமாக வளரும் ரகமான கிஃப்ட் திலேப்பியா. கிருஷ்ணகிரி அணையடியில் அரசு மீன் குஞ்சுப் பண்ணை இருக்கிறது. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்கு இன்னும் பக்கம். யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்தி விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது தடை செய்யப்பட்ட மீன், கோழிக் கழிவைக் கொட்டி வளர்த்து ஊர்த் தண்ணீரையும் நாறடிப்பார்கள், வெள்ளத்தில் தப்பினால் ஏரி மீனையெல்லாம் தின்று தீர்க்கும். ஒரு வருடம் நன்னீர் மீனை நஷ்டமில்லாமல் கரையேற்றினால், விடியற்காலையில் ஆக்சிஜன் குறைவதும், பச்சைத் தண்ணீர் திடீரெனத் தெளிவதும், தீனி மிஞ்சுவதும் உங்களுக்குப் பழகிவிடும். இரண்டாம் வருடம் குட்டையின் ஒரு மூலையில் சின்ன வலைக்கூண்டு கட்டி, 200 கொடுவாக் குஞ்சு மட்டும் வாங்கி, குருணைத் தீவனத்திலேயே வளர்த்துப் பாருங்கள். ஓசூரும் பெங்களூரும் பக்கத்தில் இருப்பதால் உயிர் மீனாகக் கொண்டுபோனால் விலை பேச முடியும். ஐஸ் பெட்டியில் மூன்று நாள் பயணப்பட்டு வரும் மீனையே சாப்பிட்டுப் பழகிய ஊர்களில் உயிர் கொடுவாவுக்கு ஆள் தேடி வரும்.

மண்டபம் போகும்போது உங்கள் போர்வெல் தண்ணீரையும் குட்டைத் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள், வாய்வரை நிரப்பி மூடி, தேதியும் நேரமும் ஒட்டி. உப்பு, காரத்தன்மை, கடினத்தன்மை, அம்மோனியா நான்கையும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். வந்ததும் அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், எத்தனை குஞ்சு விடலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.